அத்தை வீட்டு ஜன்னல்

திருடன் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. நீளக் குச்சி நுனியில் ஒரு கம்பியை வளைத்துக் கட்டி, படுக்கையறை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, நாற்காலி முதுகில் தொங்கிய கைப்பையைத் தூண்டில் போட்டு மீன் பிடிப்பது போல இழுத்துக்கொண்டு போயிருக்கிறான். ஜன்னலுக்குக் கம்பி இருந்தது. ஒரு கம்பிகூட வளையவில்லை. ஆறடி தள்ளிக் கட்டிலில் என் மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார்.

இது நடந்தது டர்பன் நகரத்தின் தெற்கே, சாட்ஸ்வர்த்தில். 2023 பிப்ரவரி. தென்னாப்பிரிக்காவில் இருந்தவர்களுக்கு அந்த மாதம் மறக்காது. நாளுக்கு மூன்று நான்கு தடவை மின்சாரம் போகும். மின்வெட்டுக்காகவே அரசாங்கம் தேசியப் பேரிடர் நிலை அறிவித்த மாதம் அது. டர்பனில் பிப்ரவரி என்றால் புழுக்கம் ஆளைப் பிழிந்தெடுக்கும். ஃபேனும் இல்லாமல் ஜன்னலையும் சாத்திக்கொண்டு யாரால் படுக்க முடியும்? தெருவிளக்கும் அணைந்திருந்த ராத்திரி. அத்தை ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார். அவ்வளவுதான் அவர் செய்த தப்பு.

பையில் அடையாள அட்டை, முதியோர் உதவித்தொகை அட்டை, போன், மூக்குக் கண்ணாடி, இவை எல்லாவற்றுக்கும் மேலே வீட்டுச் சாவிக்கொத்து. போனது பை மட்டும் என்று நினைத்தால் ஆறுதல்தான். சாவி போனபிறகு வீட்டில் எந்தக் கதவும் நம் கதவு இல்லை.

நாங்கள் இருப்பது ஜோகன்னஸ்பர்க்கில். நடுவில் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்கு அத்தையின் பக்கத்து வீட்டு ஆன்ட்டி போனில் சொல்ல, மதியத்துக்கெல்லாம் நாங்கள் அங்கே இருந்தோம். வண்டியில் என் கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. 2021 ஜூலையில் கலவரம் வந்தபோது இதே நெடுஞ்சாலையில்தான், மூயி ரிவர் பக்கத்தில், லாரிகளைக் கொளுத்தினார்கள். அப்போது பல நாள் எங்களால் போகவே முடியவில்லை. அந்தத் தெருக்காரர்கள்தான் முறைபோட்டுக் காவல் இருந்து அத்தையைப் பார்த்துக்கொண்டார்கள். அது என் கணவர் மனதில் முள்ளாகவே கிடக்கிறது.

"எங்ககூட வந்துடும்மா" என்று அவர் சொல்வதும், "நான் ஏம்ப்பா வரணும், திருடன் போகட்டும்" என்று அத்தை சொல்வதும் எங்கள் வீட்டில் பழைய பாட்டு. அத்தைக்கு அப்போது எண்பத்தொன்று. ஒருமுறை சொந்த இடத்திலிருந்து கிளப்பப்பட்டவர். டர்பன் நகராட்சியில் வேலை பார்த்த இந்தியர்கள் குடியிருந்த மேகஸின் பாராக்ஸில் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் ஆனவர். இனத்துக்கு ஒரு குடியிருப்பு என்று பிரித்து 1950இல் வந்த குழுப் பகுதிகள் சட்டத்தைக் காட்டி, 1960களில் அந்த ஜனங்களை எல்லாம் இந்தச் சாட்ஸ்வர்த் மேட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பொட்டல் மேட்டில் ஒன்றோடொன்று முதுகு ஒட்டிய வீடுகள், வீட்டுக்கு ஒரு எண். அதைப் பிள்ளைகள் பிறந்த வீடாக, மாமா இறந்த வீடாக, கொல்லையில் கறிவேப்பிலை மரம் நிற்கும் வீடாக ஆக்க அறுபது வருஷம் ஆகியிருக்கிறது. இன்னொரு தடவை கிளம்ப அவர் தயாரில்லை. எனக்கு அது புரிந்தது. ஆக, வீட்டைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் வந்தவர் பாதுகாப்புக் கம்பெனி ஒன்றின் விற்பனைக்காரர். இந்த நாட்டில் அலாரம் அடித்தால் போலீசுக்கு முன்னால் தனியார் கம்பெனி வண்டிதான் துப்பாக்கியோடு வரும். மாதச் சந்தா கட்ட வேண்டும். அந்தத் தம்பி நல்ல பையன்தான். சட்டையெல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தது. கையில் டேப்லெட். அரைமணி நேரம் வீட்டைச் சுற்றி வந்து, எல்லா ஜன்னலுக்கும் மடக்குக் கதவு, முற்றத்தைச் சுற்றி, குறுக்கே யாராவது வந்தால் அலாரம் அடிக்கும் கண்ணுக்குத் தெரியாத கதிர், நான்கு கேமரா என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தொகைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய கார் வாங்கலாம். அத்தையிடம் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எல்லாம் என் கணவரைப் பார்த்தே பேசினார்.

"தம்பி, கொரங்கு வந்தா அந்த அலாரம் அடிக்குமா?" என்று அத்தைதான் கேட்டார்.

தம்பி பதில் சொல்லவில்லை. சாட்ஸ்வர்த்தில் அது சாதாரணக் கேள்வி இல்லை. பக்கத்திலேயே சில்வர்கிளென் காடு இருக்கிறது. வெர்வெட் குரங்குகள் கூட்டமாக வரும், கருப்பு முகமும் சாம்பல் உடம்புமாக. சமையலறை ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தால் போதும், ரொட்டி, வாழைப்பழம், சாமிக்கு வைத்த தேங்காய் மூடி எல்லாம் கூரைமேல். முற்றத்துக் கதிர் நாளுக்குப் பத்துத் தடவை அலறும். பதினோராவது தடவை அத்தையே அதை அணைத்துவிடுவார். அணைத்து வைத்த அலாரத்துக்குச் சந்தா கட்டுகிற வீடுகள் எனக்கே நாலைந்து தெரியும்.

மின்வெட்டு வேறு. அலாரப் பெட்டிக்குள் ஒரு சின்ன பேட்டரி இருக்கும், வழக்கமாக 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி. எப்போதாவது மின்சாரம் போனால் தாங்கத்தான் அது. நாள்தோறும் பல மணி நேரம் போய், நடுவில் சார்ஜ் ஏற நேரமும் கிடைக்காவிட்டால் சில மாதத்தில் செத்துவிடும். எங்கள் தெருவில் அந்த வருஷம் பல வீட்டு அலாரம் சுவரில் வெறும் அலங்காரமாகத்தான் தொங்கியது.

இரண்டாவதாக வந்தவர் நான்கு தெரு தள்ளி இருக்கும் வெல்டிங் அங்கிள். அறுபதைத் தாண்டியவர். டேப்லெட் இல்லை, காதில் ஒரு பென்சில். நேரே படுக்கையறைக்குப் போய், "ஆன்ட்டி, இந்த ஜன்னல ஒருதரம் தொறந்து சாத்துங்க, பாக்கலாம்" என்றார்.

அப்போதுதான் நாங்கள் எல்லாரும் முதல்முறையாகப் பார்த்தோம். இங்கே வீடுகளுக்கு இரும்புச் சட்ட ஜன்னல். கதவு வெளிப்பக்கம் திறக்கும். அதனால் கம்பி உட்பக்கம்தான் போட முடியும். 1980களில் மாமா போட்டது, அந்தக் காலத்து நாகரிகப்படி சூரிய உதய டிசைன். கீழே ஒரு அரைவட்டம், அதிலிருந்து கதிர்கள் விரிந்து மேலே போகும். அழகுதான். ஆனால் கதிர்கள் வந்து சேருமிடமும் ஜன்னல் பிடி இருக்குமிடமும் ஒன்று. அத்தை மூட்டுவாதம் பிடித்த வலது கையைக் குவித்து, இரண்டு கம்பிக்கு நடுவில் மணிக்கட்டுவரை நுழைத்து, பிடியைத் திருகப் பார்த்தார். அது அசையவில்லை. பிறகு முழங்கைவரை நுழைத்து, ஜன்னல் கதவு ஆடாமல் பிடித்து நிறுத்தும் கீழ்க் கம்பியின் துளையை விரல் நுனியால் தேடினார். முகத்தில் வலி தெரிந்தது. கையை வெளியே எடுத்தபோது முழங்கையில் வெள்ளையாக ஒரு கோடு.

"ஒருதரம் தொறந்தா அப்டியே உட்டுருவேன்" என்றார், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல.

எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று வருஷமாம். மூன்று வருஷமாக இரவும் பகலும் அந்த ஜன்னல் திறந்தே இருந்திருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் போய்த் தங்கிய நாங்கள் கவனித்ததே இல்லை. காற்று நன்றாக வருகிறது என்று சொல்லிக்கொண்டு தூங்கியிருக்கிறோம்.

நான் பிறந்து வளர்ந்தது திருநெல்வேலிப் பக்கம். எங்கள் ஊரில் ஜன்னல் கம்பியோடுதான் பிறக்கும். நிலை செய்யும்போதே ஆசாரி கம்பியைக் கோத்துவிடுவார். ஊருக்குப் போன் பண்ணி அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "நானும் கம்பிக்குள்ள கையவிட்டுத்தான கதவ இழுக்கேன், ரெண்டு வருசமா மேக்கால ஜன்னல் சாத்துறதே இல்ல" என்றார். நான் அங்கே ஆளனுப்பியது தனிக் கதை.

வெல்டிங் அங்கிள் கையில் ஒரு பழைய பிளேடு எடுத்தார். பிடியின் மேல் வருஷா வருஷம் தீபாவளிக்கு அடித்த பெயிண்ட், கெட்டியாக ஆறேழு அடுக்கு. சுரண்டச் சுரண்ட வெள்ளை, பச்சை, சந்தன நிறம், மறுபடி பச்சை, கடைசியில் பித்தளை. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். பிடி சுழன்றது. பிறகு ஒரு சாண் நீளக் குழாயை அதன்மேல் செருகி, "இனி இதப் புடிச்சு இழுங்க" என்றார். விரலால் திருகுவதற்குப் பதில் உள்ளங்கையால் தள்ளினால் போதும். இதற்கு ஆன செலவு ஒன்றுமில்லை. மூன்று வருஷமாகச் சாத்தாத ஜன்னல் அன்று சாயங்காலம் சாத்தியது.

அப்புறம் வெளியே போய்க் கண்ணாடி ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். பட்டி பொடிப்பொடியாக உதிர்ந்தது. இந்தமாதிரி இரும்பு ஜன்னலில் கண்ணாடியைப் பிடித்து நிற்கும் பட்டி வெளிப்பக்கம்தான் இருக்கும். காய்ந்து வெடித்துவிட்டால் ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், சத்தமே இல்லாமல் கண்ணாடியை முழுசாகக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிடலாம். கம்பிகளோ சுவரில் பதியவில்லை. ஜன்னல் சட்டத்தில் குட்டி ஸ்க்ரூவில் நின்றன. பாதி ஸ்க்ரூ துருப்பிடித்துத் தலை இல்லாமல் இருந்தது. டர்பன் உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. சூரியக் கதிர்கள் மேல்மூலையில் விரிந்த இடத்தில் ஒரு பத்து வயசுப் பையன் நுழையலாம்.

புதுக் கம்பி 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி. நேர்க்குத்தாக, பத்து சென்டிமீட்டருக்கு ஒன்று, நடுவில் பட்டைக் குறுக்குக் கம்பிகள். செங்கல் சுவரில் துளை போட்டு விரியும் போல்ட்டில் முடுக்கி, போல்ட் தலையை வெல்டிங் வைத்து அடைத்தார். முதலில் துருத் தடுக்கும் சிவப்புப் பெயிண்ட், அதன்மேல் வெள்ளை. பிடி இருக்கும் இடத்தில் மட்டும் கை தாராளமாகப் போய்வர இடைவெளி விட்டு, மேலும் கீழும் குறுக்குக் கம்பி போட்டு அடைத்தார். கை போகும், தலை போகாது. சாதாரணக் கண்ணாடிகளுக்கு 200 மைக்ரான் கெட்டி ஃபிலிம் ஒட்டினோம். கண்ணாடி உடையத்தான் செய்யும். ஆனால் சில்லு சிதறாது, ஓட்டை விழ நேரமாகும், சத்தமும் கேட்கும். பின்கதவு பக்கத்தில் இருந்த ஒற்றைக் கண்ணாடிக்கு மட்டும் இரண்டு தகடுக்கு நடுவில் படலம் வைத்து ஒட்டிய 6.38 மில்லிமீட்டர் கண்ணாடி. டஃபன்ட் கண்ணாடி போதாதா என்று சிலர் கேட்பார்கள். கார்ப் பக்கக் கண்ணாடி அந்த வகை. ஓரத்தில் ஒரு தட்டு, மொத்தமும் கல்கண்டாகக் கொட்டிவிடும். கீறாது, காயம் படாது. திருடனுக்கும்தான்.

எனக்குத் திருடனைவிடப் பயம் நெருப்புதான். மின்வெட்டில் மெழுகுவர்த்தி, சாமி மாடத்தில் விளக்கு, தனியாக ஒரு எண்பத்தொரு வயசு. எல்லா ஜன்னலையும் அடைத்து வெல்டிங் வைத்துவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கலாம், உள்ளே இருப்பவர் எங்கே போவார்? "என்னை உள்ள போட்டு கம்பி எண்ண உடப் போறீங்களா" என்று அத்தை சிரித்தபடிதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படுக்கையறைக் கம்பியைக் கீல் வைத்து உட்பக்கம் கதவு போலத் திறக்கும்படி செய்யச் சொன்னேன். பூட்டா, வெறும் தாழ்ப்பாளா என்று ஒருநாள் முழுக்க வாக்குவாதம். தாழ்ப்பாள் என்றால் கண்ணாடியை உடைத்துக் கைவிட்டு அவனே திறந்துவிடுவான். பூட்டு என்றால் சாவி எங்கே? ஜன்னல் பக்கம் தொங்கவிட்டால் மறுபடி தூண்டில். கடைசியில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில், ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கச் சுவரில் ஆணி அடித்தோம்.

ஒத்திகை பார்க்காமல் விடவில்லை. அன்று ராத்திரி மின்வெட்டு நேரத்தில், டார்ச் இல்லாமல், படுத்த இடத்திலிருந்து எழுந்து திறக்கச் சொன்னோம். என் கணவர் கடிகாரம் பார்த்தார். நான்கு நிமிஷம். சாவி கைக்கு அகப்படவில்லை, அகப்பட்டதும் எந்தப் பக்கம் செருகுவது என்று தெரியவில்லை, செருகியபிறகு விரலால் திருப்ப முடியவில்லை. மறுநாள் அங்கிள் சாவித்தலையில் ஒரு துண்டுக் குழாயை வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார், கட்டைவிரல் பருமனுக்கு. அதில் அத்தை ஒரு பழைய பூஜை மணியைக் கட்டினார், தடவினால் சத்தம் வர. அன்று ராத்திரி ஐம்பது வினாடி. இப்போது நாங்கள் போகும்போதெல்லாம் ஒருதரம் திறந்து காட்டுவார், பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பது போல.

சில்லறை வேலைகள் நிறைய. ஜன்னலுக்குக் கீழே நின்ற சக்கரக் குப்பைத்தொட்டியை இடம் மாற்றினோம். ஏறி நிற்க அதைவிட நல்ல படி கிடையாது. கைப்பை, போன், சாவி மூன்றும் இனி ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் அலமாரிக்குள். அவசர பட்டன் ஒன்று மட்டும் வாங்கினோம், கழுத்தில் தொங்கவிட. அடுத்தமுறை போனால் அது முருகன் படத்துக்குக் கீழே இருக்கிறது. "ஆபத்துன்னா மொதல்ல அங்கதானே மா ஓடுவேன்" என்றார். சரி, அதுவும் நியாயம்தான். இரண்டாவதாக ஒன்று வாங்கிக் கட்டில் காலில் கட்டினேன்.

கறிவேப்பிலை மரம்தான் பெரிய சண்டை. கொல்லை ஜன்னலை அது முழுக்க மறைத்திருந்தது. அதன் பின்னால் ஒருவன் அரைமணி நேரம் நின்று வேலை பார்த்தாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. வெட்ட வேண்டும் என்றார் என் கணவர். "மொதல்ல என்ன வெட்டு" என்றார் அத்தை. இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பிறகு அத்தையே கத்தியை எடுத்துவந்து, கீழ்க்கிளைகளை எல்லாம் கழித்து, அடிமரத்துக்கு அப்பால் தெரு தெரிகிற மாதிரி விட்டார். அந்த வாரம் தெரு முழுக்க எல்லார் வீட்டிலும் கறிவேப்பிலைதான்.

சமையலறை ஜன்னலுக்குக் கம்பி போதவில்லை. பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் குட்டிக் குரங்கு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் அங்கே மட்டும் கம்பியின்மேல் இரும்பு வலையும் அடித்தோம். காற்று வரும், குச்சி வராது, குரங்கும் வராது. எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். படமெடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் எல்லாருக்கும் அனுப்பினேன். ஆஹா ஓஹோ என்று பதில்கள். அத்தை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வயசானவர், புதுசு பழகணும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து வெல்டிங் அங்கிளிடமிருந்து என் கணவருக்கு ஒரு போன். சின்ன பில் ஒன்று பாக்கி இருக்கிறதாம். என்ன வேலை என்று கேட்டார் இவர்.

"அம்மா சொல்லலியா? கிச்சன் வலையில ஒரு சின்னக் கதவு வெச்சேன். எவர்சில்வர் தூக்குப்பாத்திரத்த எடுத்துக்கிட்டு பட்டறைக்கே வந்துட்டாங்க, இது நொழையணும்னு."

என் கணவர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி முன்வாசல் வழியாக வந்ததே கிடையாது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலியில் ஒரு சின்னத் திட்டிவாசல் உண்டு. அதில் புகுந்து வந்து சமையலறை ஜன்னலடியில் நின்று, "அக்கா" என்பார். மீன்குழம்பு உள்ளே போகும், மாங்காய் ஊறுகாய் வெளியே வரும். காலை ஐந்தரைக்கு அந்த ஜன்னல் திறந்தால் அத்தை எழுந்துவிட்டார் என்று அர்த்தம். ஏழு நெருங்கியும் திறக்கவில்லை என்பதால்தான் அன்று ஆன்ட்டி கதவைத் தட்டினார், எங்களுக்குப் போன் செய்தார். நான் வலை அடித்து அடைத்தது அந்த ஜன்னலை.

அடுத்த தடவை போனபோது பார்த்தேன். வலையின் வலப்பக்கக் கீழ்மூலையில், தூக்குப்பாத்திரம் நிமிர்ந்தபடி போகிற உயரத்துக்கு ஒரு குட்டிக் கதவு. கீல் உட்பக்கம், பூட்டு உட்பக்கம், பூட்டில் அதே மாதிரி குழாய் வைத்த தடித்த சாவி. அங்கிள் அதை நன்றாகத்தான் செய்திருந்தார், சுற்றிலும் பட்டை வைத்து.

"பூட்டித்தான் வைக்கறேன் மா" என்றார் அத்தை, நான் கேட்பதற்கு முன்பே. அதைச் சொல்லும்போதே அது திறந்துதான் கிடந்தது. வெளியே ஆன்ட்டி வீட்டுச் சுவர்மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது.